கிணற்று வழக்கும் ஒரு தம்ளர் தண்ணீரும்

நடுராத்திரியில் நாக்பூரில் இறங்கி மதராஸ் விமானத்துக்கு மாறி ஏறிய நேமிராஜ் நயினாருக்குக் கிடைத்தது ஒரே ஒரு காலி சீட். பக்கத்தில், ஜன்னலை ஒட்டி உட்கார்ந்திருந்தது கௌஸ் பாஷா.

செஞ்சியில் பாஷா எதிரே வந்தால் தெருவை மாற்றிக்கொள்கிறவர் நயினார். ஆகாயத்தில் எந்தத் தெருவுக்கு மாறுவது?

"நல்லா இருக்கீங்களா நயினாரே? மக பிரசவத்துக்குன்னு பம்பாய் வந்தேன். மருமவன்தான் பிளேன்ல போங்கன்னு டிக்கெட் எடுத்துட்டாரு."

நயினார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

செஞ்சிக்குப் பக்கத்துத் தொண்டூரில் இருவரின் வேர்க்கடலைக் கழனிக்கும் நடுவே ஒரு கிணறு. அது யாருடையது என்று ஆறு வருஷமாகக் கேஸ். வடக்கே தீர்த்த யாத்திரை கிளம்பும்போதே மச்சான் சாந்திநாதனிடம் நயினார் சொல்லிவிட்டு வந்தார்.

"ஜெயிப்பு நமக்குத்தான்னு வக்கீல் சொல்லிட்டாரு. தீர்ப்பு வந்த அன்னிக்கே அவன் பக்கத்து மடைய அடைச்சிடு. அவன் மல்லாட்டைப் பயிரு வாடி நிக்கறத நான் வந்து கண்ணால பாக்கணும்."

இரண்டு மாதம் ஊர் ஊராகச் சுற்றினார். வீட்டுச் சேதி எதுவும் எட்டவில்லை. எறும்பை மிதிக்காமல் மலை மலையாக ஏறி இறங்கினார். இந்த ஒரு நினைப்பை மட்டும் எந்த மலையிலும் இறக்கி வைக்கவில்லை. கடைசியில் பம்பாயில் இருந்த மகன் விமானத்தில் ஏற்றிவிட்டான். பாஷாவும் அதே விமானத்தில் ஏறியது இருட்டில் அவர் கண்ணில் படவில்லை.

விடிவதற்கு முன்பே பணிப்பெண் காபியும் தண்ணீரும் கொண்டுவந்தாள். நயினார் வேண்டாமென்று கையை ஆட்டினார். பொழுது சாய்ந்தால் மறுநாள் பொழுது கிளம்பும் வரை பச்சைத் தண்ணீர்கூட ஜைனரான அவர் பல்லில் படாது. நேற்று மாலையிலிருந்து நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கிடந்தது.

பாஷா அவளிடம் இந்துஸ்தானியில் ஏதோ சொன்னார். அவள் நயினாரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அவருடைய தண்ணீரையும் பாஷாவிடமே கொடுத்துவிட்டுப் போனாள்.

'நக்கல் பண்றான். என் தண்ணியையும் புடுங்கிக்கினான். கெணத்துக்கு நீண்ட கைதானே!'

நயினார் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடினார். அந்த மூஞ்சியைப் பார்த்தால்தானே வயிறு எரியும்?

விமானம் குலுங்கியது. கண்ணைத் திறந்தார். இறங்கப் போகிறோம் என்று பணிப்பெண் தம்ளர்களைத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தாள். பாஷா மட்டும் கொடுக்கவில்லை. ஒரு தம்ளரை இரண்டு கையாலும் மூடிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

'குடிக்கவும் மாட்டான், குடுக்கவும் மாட்டான். வைக்கோல்போர் நாய்!'

சற்று நேரத்தில் பாஷா முதுகைச் சாய்த்து ஜன்னலுக்கு வழிவிட்டார். வெயில் வந்து நயினாரின் மடியில் விழுந்தது.

"பொழுது கெளம்பிடுச்சி நயினாரே. புதுக் கர்ச்சீப்புதான், மக குடுத்தது. நாலா மடிச்சி வடிகட்டி வெச்சிருக்கேன். குடிங்க."

வடிகட்டாத தண்ணீரை ஜைனர் குடிக்கமாட்டார்கள் என்பது பாஷாவுக்குத் தெரிந்திருந்தது.

மனசு வேண்டாம் என்று சொல்வதற்குள் கை நீண்டுவிட்டது. ஒரே மூச்சில் குடித்தார். தம்ளரைத் திருப்பிக் கொடுத்தபோது கோபம் இன்னும் ஏறியது.

'கேஸ்ல தோத்துட்ட சேதி வந்திருக்கும். அதான் காக்கா புடிக்கிறான். ஒரு தம்ளர் தண்ணிக்கு ஒரு கெணறா? நடக்காதுடா!'

மதராசிலிருந்து ஒரே பஸ். நயினார் முன்னால், பாஷா பின்னால். கோட்டை மலை கண்ணில் பட்டதுமே நயினார் எழுந்து நின்றுவிட்டார்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் சாந்திநாதன் காத்திருந்தான். "வரேன் நயினாரே" என்று கும்பிட்டுவிட்டு பாஷா பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

நயினார் பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அடைச்சிட்டியா?"

சாந்திநாதன் தரையைப் பார்த்தான்.

"இன்னாடா முழிக்கிற? அவன் மடைய அடைச்சியா இல்லியா?"

"தீர்ப்பு அவங்க பக்கம் ஆயிடுச்சி மாமா. கெணறு அவங்களுக்குத்தானாம். அன்னிக்கே பாஷாவுக்குத் தந்தி போயிடுச்சி."

நயினார் பெட்டியைக் கீழே வைத்தார்.

"அப்ப நம்ம பயிரு? நம்ம மடைய அடைச்சிட்டானுங்களா?"

"இல்ல மாமா. பாஷா ஊட்டம்மா மெஹபூப் பீயே கழனிக்கு வந்து தொறந்து உட்டாங்க. 'நயினாரு யாத்திரை போயிருக்காரு. அவரு வர்ற வரைக்கும் அவரு கழனிக்குத்தான் மொதத் தண்ணின்னு எங்க ஊட்டுக்காரரு பம்பாய்லேர்ந்து சொல்லி அனுப்பினாரு'ன்னாங்க. நம்ம மல்லாட்டை பச்சப் பசேல்னு நிக்குது மாமா."

சாந்திநாதன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"கெணத்துல தண்ணி கம்மி இல்லியா... அவங்க மல்லாட்டைதான் வாடி நிக்குது."