தனி அறை வேண்டாம்

“தனி ரூம் கிடைச்சிருக்கு. அது வேண்டாம்னு சொல்லவா இவ்வளவு நேரம் வரிசையில நின்னே?”

கல்லூரி விடுதி அலுவலகத்தில் லொரெய்ன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் போட்டாள். ஆகஸ்ட் வந்தால் அவளுக்கு இதே பாடு. தனி அறை கேட்டு டாக்டர் கடிதத்தோடு இதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு பேர். வாங்கிவைத்த ஐஸ் காபி குடிக்க நேரமில்லாமல் வெறும் தண்ணீராகிக்கொண்டிருந்தது.

“ஆமா மேடம். போன வருஷம் மாதிரி என் தோழி கோராகூடவே ஒரே ரூம்ல போடுங்க,” என்றாள் ஹேட்லி. “சனிக்கிழமை குடி வரணும். அதுக்குள்ள மாத்தியாகணும்.”

“காலையில ஒரு அம்மா அழுதுட்டுப் போறாங்க. பக்கத்துக் கட்டில் பையன் சிப்ஸ் கடிக்கிற சத்தம் அவங்க மகனுக்கு ஆகாதாம், தனி ரூம் வேணுமாம். நேத்து ஒருத்தன் மலைப்பாம்போட வந்தான், அது பக்கத்துல இல்லேன்னா தூக்கம் வராதாம். நீ என்னடான்னா, சொந்த பாத்ரூமோட குடுத்ததைத் திருப்பித் தர்றே.”

“மேடம், எனக்கு என்ன வியாதின்னா...”

“சொல்லாதே.” லொரெய்ன் கையை நீட்டித் தடுத்தாள். “அது உன் அந்தரங்கம். நான் காதுல வாங்கினா என் வேலை போயிடும். உன் கடிதம் ரூம் ஒதுக்குற கமிட்டிக்குப் போச்சு, தனி ரூம் குடுத்தாச்சு.”

“கமிட்டி அதைப் படிச்சாங்களா?”

“எல்லாக் கடிதத்துலயும் ஒரே பாட்டுதான். படிக்க என்ன இருக்கு? இதோ பாரு கண்ணு, டாக்டர் சொன்னா அது தேவை. தோழிகூட இருக்கணும்ங்கிறது ஆசை. ஆசைக்கெல்லாம் ரூம் மாத்த முடியாது.”

“கோரா குறட்டை விடுவா மேடம். ரூம் பூரா பீட்சா அட்டையா கிடக்கும். அவகூட இருக்க யாருக்கு ஆசை?”

“அப்புறம் எதுக்கு என் பிராணனை வாங்குறே?”

“அதைத்தான் சொல்ல விட மாட்டேங்கிறீங்களே.”

பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். லொரெய்ன் பெருமூச்சோடு விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள்.

“சரி, மேல்முறையீடுன்னு பதிஞ்சு விடறேன். வியாதிப் பேரை விட்டுடு. என்ன செய்யணும்னு டாக்டர் எழுதியிருக்காரோ, அந்த வரியை மட்டும் வாசி. டைப் பண்றேன்.”

ஹேட்லி தன்னிடமிருந்த நகலைப் பிரித்து வாசித்தாள்.

“‘ஓர் இரவுகூட இவளைத் தனி அறையில் தூங்க விடக் கூடாது, உயிருக்கு ஆபத்து.’”