கூடைக்குள் தம்பி

திலகா தன் மகனைக் காய்ந்த லாலாங் புல் பரப்பிய கூடையில் படுக்க வைத்தாள்.

நான்கு மாதக் குழந்தை. இந்த வருஷம் கிறிஸ்துமஸ் நாடகத்தில் அவன்தான் குழந்தை இயேசு.

"பையன் அழாம இருந்தா போதும்லா," என்றார் நாடகம் பழக்கிய புனிதா டீச்சர்.

திலகா தலையாட்டிவிட்டு முன்பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள்.

பெடாஸ் ஊருக்கு அப்பால், செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே இருந்த சின்ன ஜெபக்கூடம் அது. செனாவாங் நகரப் பக்கம் வேலைக்குக் குடிபோனவர்களும் பண்டிகைக்கு வந்திருந்தார்கள். ஆளுக்கொரு கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

மேய்ப்பர்கள் உள்ளே வந்தார்கள். ஒருவன் கையிலிருந்த கழி இடித்து, காணிக்கைத் தட்டு சிமெண்டுத் தரையில் விழுந்தது. படாரென்ற சத்தத்தில் கூட்டமே துள்ளியது.

திலகா பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு கூடையைப் பார்த்தாள்.

குழந்தை அசையவில்லை. மேலே தொங்கிய நட்சத்திர விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எவ்ளோ சமத்துப் பிள்ள!" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். திலகா திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்தது தேவதூதன். திலகாவின் ஆறு வயது மகள் ஜெசிந்தா, காகிதச் சிறகோடு முக்காலி மேல் ஏறினாள். அங்கே நின்று நற்செய்தியை உரக்கச் சொல்ல வேண்டும். ஒரு மாதமாக வீட்டில் மனப்பாடம் செய்த வசனம்.

அவள் வாயைத் திறந்தாள். மூடினாள். பிறகு முக்காலியிலிருந்து இறங்கிவிட்டாள்.

"ஏறு, ஏறு," என்று திரை ஓரமாகக் கிசுகிசுத்தார் டீச்சர்.

ஜெசிந்தா கூடையருகே மண்டியிட்டாள். தம்பியின் முகத்துக்கு நேராகக் குனிந்து, வாயை அகல அகலத் திறந்து, கையை ஆட்டி ஆட்டி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். கூட்டம் சிரித்தது. குழந்தையும் கால்களை உதைத்துக்கொண்டு சிரித்தான்.

நாடகம் முடிந்ததும் திலகா மகளை ஓரமாக இழுத்துப் போனாள்.

"ஏன்டி கீழ எறங்குன?"

"மேல நின்னு சொன்னா தம்பிக்குக் கேக்காதுலம்மா."

திலகா சட்டென்று சுற்றிலும் பார்த்தாள். யார் காதிலும் விழவில்லை.

ஆஸ்பத்திரியில் அவன் காதை இரண்டு முறை சோதித்தாகிவிட்டது. மூன்றாவது சோதனை ஜனவரியில். கணவன் சுகுமாறனைத் தவிர யாரிடமும் அவள் வாய் திறக்கவில்லை.

"யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல. தூரத்துலேருந்து கூப்ட்டா திரும்ப மாட்டான். கிட்ட போனாத்தான் சிரிப்பான்." ஜெசிந்தா சிறகைச் சரிசெய்துகொண்டாள். "கடவுளும் அப்படித்தானேம்மா? மேலேருந்து எவ்ளோ கூப்ட்டும் யாருக்கும் கேக்கலன்னு, பாப்பாவா கிட்டயே வந்துட்டாரு. டீச்சர் சொன்னாங்க."

இரண்டு மாதமாகத் திலகா அவன் முதுகுக்குப் பின்னால் நின்று கைதட்டிப் பார்த்தாள். கதவை அறைந்து பார்த்தாள். இன்று அவனைக் கூடையில் படுக்க வைத்ததும் அதற்குத்தான். இத்தனை கூட்டத்துச் சத்தத்தில் ஒருமுறையாவது திடுக்கிட்டு அழுதுவிட மாட்டானா என்று.

அவள் கூடையருகே போய்த் தரையில் உட்கார்ந்தாள். கைதட்டவில்லை. அவன் மூச்சு தன் முகத்தில் படும்வரை குனிந்து, மெல்ல அவன் பெயரைச் சொன்னாள்.