நாலாவது நிமிஷம்

“மூணு நிமிஷம் ஐம்பது செகண்ட். போன தடவையைவிட இருபது செகண்ட் கம்மி, தாணுலிங்கம்” என்று சொல்லி, லீலாபாய் நோட்டில் குறித்துக்கொண்டார்.

புல்வெட்டும் மெஷின் இரண்டு முறை இருமி, ஒரு முறை குலுங்கி, தோட்டத்தின் நடுவே நின்றுபோயிருந்தது. தோட்டம் பாதி சவரம் செய்த முகம்போல் இருந்தது.

தாணுலிங்கத்துக்குத் திருவனந்தபுரம் கரமனையில் வீட்டோடு சேர்ந்த ஒர்க்‌ஷாப். முப்பது வருஷத் தொழில். இந்த மெஷினை மூன்றாவது தடவையாக ரிப்பேர் செய்து, நேற்றுச் சாயங்காலம்தான் கூட்ஸ் ஆட்டோவில் அனுப்பியிருந்தார்.

“கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவியாச்சு. பிளக் புதுசு, ஃபில்டர் புதுசு. கடையில அரை மணிக்கூர் நிக்காம ஓடிச்சும்மா, பாத்துக்கிடுங்க.”

“கடையில ஓடினா போதும்னா சொல்லுங்க. புல்லைப் பிடுங்கி அங்கே கொண்டுவந்துடறேன்.”

லீலாபாய் ஆடிட் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது காலனி ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் செகரட்டரி. இருபத்திரண்டு வீட்டு மெஷின்களையும் இனி யார் பார்ப்பது என்று இன்றைக்கு அவர் சொல்லியாக வேண்டும். அவர் வீட்டு மெஷின் பத்து நிமிஷம் நிற்காமல் ஓடினால் தாணுலிங்கம். இல்லையென்றால் வேறு ஆள். வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்து மடியில் தயாராக வைத்திருந்தார்.

“எல்லாம் பெட்ரோல் செய்யுற வேலைம்மா. ஓணத்துக்குப் பிறகு அஞ்சு மெஷின் இதே கம்ப்ளெயிண்டோட திரும்பி வந்திருக்கு.”

“அஞ்சும் நீங்க ரிப்பேர் பண்ணினதா?”

“ஆமா.”

“ம்” என்று அதையும் நோட்டில் குறித்துக்கொண்டார்.

தாணுலிங்கத்தின் சட்டைப் பையில் போன் அடித்தது. வீட்டிலிருந்து மனைவி உலகம்மை. கை முழுக்க எண்ணெய். அடித்து ஓயட்டும் என்று விட்டுவிட்டார்.

தோட்டவேலை பார்க்கும் அஜீஷ் மூடியைத் திறந்து டேங்குக்குள் எட்டிப் பார்த்தான். அரை டேங்க் இருந்தது. மூடினான், கயிற்றை இழுத்தான். ஒன்றுமே நடக்காததுபோல் மெஷின் கிளம்பியது. நாலாவது நிமிஷம் நின்றது.

தாணுலிங்கத்துக்கு இப்போது வேறொரு சந்தேகம்.

“அஜீஷ், கேக்குறேன்னு கோவப்படாண்டாம். நேத்து ஆட்டோவில இருந்து இறக்கினது நீதானே? எதையாவது திருகினியா?”

“என்ன சேட்டா இது! புல்லு வெட்டினாத்தான் எனக்குக் கூலி. இது நின்னா ஞான் வெறுங்கையோடதான் வீட்டுக்குப் போகணும்.”

அஜீஷ் கோபத்தோடு மூடியை மறுபடியும் திறந்தான். ‘உஸ்’ என்று ஒரு சத்தம்.

தாணுலிங்கம் அப்படியே நின்றார். முப்பது வருஷத் தொழில் அந்த ஒரு உஸ்ஸில் விழித்துக்கொண்டது.

“காத்து! டேங்குக்குள்ள காத்து போனாத்தான் பெட்ரோல் கீழ இறங்கும். அதுக்குன்னு மூடியில ஊசி முனை அளவு ஓட்டை ஒண்ணு உண்டு. அது அடைஞ்சு கிடக்கு! நாம மூடியைத் திறக்கோம், காத்து போகுது, ஓடுது. மூடினா நாலு நிமிஷத்துல மூச்சு முட்டி நின்னுடுது!”

மூடியை வாங்கிப் பார்த்தார். மேலே கெட்டியாகக் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். சுரண்டி, ஓட்டையில் சேஃப்டி பின்னை விட்டுக் குத்தி, ஊதி, மூடினார். அஜீஷ் கயிற்றை இழுத்தான்.

நாலு நிமிஷம். ஏழு. பத்து. பதினைந்தாவது நிமிஷத்தில் வெட்டுவதற்குப் புல் இல்லாமல் அஜீஷே மெஷினை நிறுத்தினான்.

லீலாபாய் குரூப்பில் தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். தாணுலிங்கம் அத்தோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

“அம்மா, ஒரு காரியம் சொல்லட்டுமா? பக்தி வேணும். அதுக்காக மெஷினோட மூக்கை அடைக்கக் கூடாது. ரிப்பேருக்குத் திரும்பி வந்தப்பல்லாம் இந்தச் சந்தனத்தைப் பார்த்தேன். சாமி காரியமாச்சே, துடைச்சா நீங்க சங்கடப்படுவீங்களேன்னு கை வைக்கல. கடையில மூடியைத் திறந்து வச்சு ஓட்டினேன், ஓடிச்சு. இங்கே ஏன் ஓடலன்னு இப்போ புரியுதா? தப்பு என் கடையில இல்ல, இந்த வீட்லதான்.”

லீலாபாய் கண்ணாடியைக் கழற்றினார்.

“தாணுலிங்கம், நாங்க மூணு தலைமுறையா சர்ச்சுக்குப் போறவங்க. இந்த வீட்ல சந்தனம் ஏது? துடைச்சா நீங்க சங்கடப்படுவீங்களேன்னு நானும்தான் கை வைக்கல.”

“அப்போ... அஜீஷ்?”

“ஆட்டோவில வரும்போதே இருந்துச்சு சேட்டா. உங்க கடை வழக்கம்னு விட்டுட்டேன்.”

போன் மறுபடியும் அடித்தது. தாணுலிங்கத்தின் எண்ணெய்க் கையைப் பார்த்துவிட்டு, அஜீஷே அதை எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

“ஏங்க, ஓடுதா?” என்றது உலகம்மையின் குரல். “ஒண்ணும் பயப்படாண்டாம். மத்த அஞ்சு மெஷினுக்கும் வச்ச மாதிரி, இதுக்கும் ரெண்டு தடவை சின்னப் பொட்டாத்தான் வச்சு விட்டேன், சாமிக்குப் பத்தல. இந்தத் தடவை மூடி நிறைய அழுத்தி அப்பி அனுப்பியிருக்கேன்!”