ஹில்மாவும் அர்மாஸும்

கரையில் நின்ற ஒரு பெண் என் நாயின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

"அர்மாஸ்!"

கடலில் நீந்திக்கொண்டிருந்தவன் வாயிலிருந்த குச்சியைப் போட்டுவிட்டு அவளை நோக்கித் திரும்பினான். நான் தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் வாங்காத ஜென்மம்.

அவளை எனக்குத் தெரியாது. முப்பது வயதிருக்கும். கூட நாயும் இல்லை. ஹெல்சிங்கியில் நாய்களை நீந்த விடுகிற இடத்துக்கு நாய் இல்லாமல் வருகிறவர்கள் வழி தவறியவர்களாக இருப்பார்கள், இல்லாவிட்டால் புகார் சொல்ல வந்தவர்களாக இருப்பார்கள்.

எனக்கென்ன வந்தது? நானே இந்த வசந்தம் முழுக்க ஒரு பெயரைக் கூவிக்கொண்டு திரிகிறவன்தான். ஹில்மா, ஹில்மா என்று. அது பழுப்பும் வெள்ளையும் கலந்த, ஒரு காது மட்டும் மடிந்த நாய். எனக்கு வேண்டியது நாய் இல்லை. அதன் வாரைப் பிடித்துக்கொண்டு வருகிறவள்.

குளிர்காலம் பூராவும் எங்கள் பேட்டை நாய்ப் பூங்காவில் பக்கத்துப் பக்கத்தில் நின்றோம். அவிழ்த்துவிட்ட நாய்கள் வேலிக்குள் பனியில் புரளும். நாங்கள் நாய்களைப் பற்றிப் பேசுவோம். அவள் குடுவையில் காப்பி கொண்டுவந்து மூடியில் ஊற்றி எனக்குத் தருவாள்.

பெயர் கேட்டுக்கொள்ளவில்லை. இங்கே நாயின் பெயரைத்தான் கேட்போம். ஆளின் பெயரைக் கேட்பது அடுத்தவர் சட்டைப் பையில் கைவிடுவது மாதிரி. நான் அவளை ஹில்மா என்பேன். எங்களைக் கண்டதும் அவள் "வா அர்மாஸ்" என்பாள். நாய்ப் பூங்காவில் மரியாதையெல்லாம் கிடையாது, ஆளுக்கும் 'வா'தான், நாய்க்கும் 'வா'தான். அந்த 'வா' எங்கள் இருவரில் யாருக்கு என்று நான் கேட்டதில்லை. நாய்க்கு என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

பனி உருகத் தொடங்கியபோது ஒருநாள் சொன்னாள். "கடல்ல ஐஸ் போனதும் இதுங்கள நீந்த விடணும். நல்ல எடமா பாத்து வை."

அதற்குப் பிறகு அவள் வரவில்லை.

நான் பார்த்து வைத்தேன். ராஜசாரித் தீவு, லௌத்தசாரிக் கரை, ஊருக்கு வெளியே காட்டுக்குள் இருக்கிற ஏரிகள் என்று ஒன்றையும் விடவில்லை. நாய்க்கு வேலையில்லை, நிற்க நேரமில்லை என்பார்களே, அது நாங்கள்தான். அர்மாஸுக்கு யோகம், நாளுக்கொரு தண்ணீர். எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. அவளை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்று இருந்தது.

கரையேறிய அர்மாஸ் அந்தப் பெண்ணின் காலடியில் நின்று உடம்பை உதறினான். அவள் நனைந்துபோனாள்.

"உங்க நாயைக் கொஞ்சம் பிடிங்க. நான் ஒரு ஆளைத் தேடி வந்திருக்கேன்."

"அர்மாஸ்னு கூப்பிட்டா அர்மாஸ்தானே வருவான்?"

"மனுஷர் பேருங்க அது. எங்கம்மாவுக்குத் தெரிஞ்சவர். எந்த ஆள் திரும்பறார்னு பாக்கத்தான் கூப்பிட்டேன்."

நாய்க்குக் கிழவன் பெயர் வைப்பது இப்போதைய மோகம். இவளுக்கு நாய் சகவாசம் இல்லை போலிருக்கிறது.

"அம்மா பேரு?"

"ரித்வா."

எனக்கு எந்த ரித்வாவையும் தெரியாது. அதையே சொன்னேன். அவள் தலையசைத்துவிட்டு மேட்டில் நின்ற தன் காரை நோக்கி நடந்தாள்.

அர்மாஸ் அவள் பின்னாலேயே ஓடினான். கூப்பிட்டேன், நிற்கவில்லை. காரின் பின்கதவில் முன்னங்கால்களை ஊன்றி ஏறி நின்று குட்டி மாதிரி முனகினான்.

கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மடிந்த காது தெரிந்தது.



எப்படியோ மேடேறிப் போய்ச் சேர்ந்தேன். அவள் கதவைத் திறந்துவிட்டாள். இரண்டு நாய்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து புரண்டன. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாவுக்கு மூளையில ரத்தம் கட்டிடுச்சு," என்றாள். "பேச்சு போயிடுச்சு. என் பேருகூட வரல. வாசலையே பாத்துக்கிட்டு அர்மாஸ், அர்மாஸ்னு அது ஒண்ணுதான். அம்மா நாயைக் கூட்டிட்டுப் போன எடத்துல யாரோ சிநேகிதர் போலன்னு நெனச்சு, நாய் வர்ற எடமா சுத்திக்கிட்டிருக்கேன்."

பிறகு சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கடைசியில இந்த நாயைத்தான் கூப்பிட்டிருக்காங்க."

ஹில்மா வந்து என் கையை நக்கியது. அர்மாஸ் நாக்கைத் தொங்கவிட்டபடி என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். பாவம், அவனுக்கும் அவள் அம்மாவைப் பிடிக்கும். குளிரில் எத்தனையோ நாள் அவள் காலோடு ஒட்டிப் படுத்துக் கிடந்தவன். என் படுக்கையில் பாதியை அவனுக்குக் கொடுத்திருக்கிறேன், என் தட்டில் இருந்த மீனைக் கொடுத்திருக்கிறேன். இந்த ஒன்றை மட்டும் என்னால் விட்டுக்கொடுக்க முடியவில்லை.

"இல்லம்மா," என்றேன். "அர்மாஸ் நான்தான்."

பெயரைக் கேட்டதும் அவன் வாலை ஆட்டினான். நான் அவன் பக்கம் திரும்பவே இல்லை.