ஏழாவது அடியில்

"துண்டுக்குள்ள என்னடா ஒளிச்ச, சாமிக்கண்ணு? எடு வெளிய!"

புது வீட்டு அஸ்திவாரத்துக்குத் தோண்டிய கடக்கால் பள்ளத்தின் விளிம்பில் நின்று இராமதாஸ் போட்ட சத்தத்தில், கருவடிக்குப்பத்தில் அந்தத் தெருவே கூடிவிட்டது.

ஏழடிப் பள்ளத்துக்குள் கடப்பாரையும் கையுமாக சாமிக்கண்ணு. இன்னொரு கையில் சேறு சொட்டும் துண்டு. அதற்குள் தட்டையாக என்னவோ இருந்தது.

"ஒண்ணுமில்லண்ணே. வெறும் தகரம்."

"தகரத்தை எவன்டா துண்டுல சுத்துவான்?"

நியாயமான கேள்விதான். தெருவும் தலையாட்டியது.

"இந்த ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரன் புதைச்ச தங்கம்டா அது! எனக்குத் தெரியாதா? ஒண்ணு தங்கத் தட்டா இருக்கும், இல்ல தட்டு நிறைய காசா இருக்கும்."

"அப்போ எனக்கு ரெண்டு வளையல்," என்றாள் அவர் மனைவி சின்னப்பொண்ணு. கொஞ்சம் யோசித்துவிட்டு, "நாலு," என்றாள்.

இருபத்தைந்து வருஷம் ஓட்டிய டிராக்டரை விற்று, ரெட்டியார்பாளையத்து வாடகை வீட்டிலிருந்து தப்பிக்க இராமதாஸ் வாங்கிய மனை அது. தரகர் காட்டினார், இவர் வாங்கினார்.

இன்ஜினியர் சிவசங்கரி மேடம் முதல் நாளே சொன்னாங்க. "மண்ணை ஒரு டெஸ்ட் பண்ணிடலாம் சார்."

"எனக்கா டெஸ்ட்டு? டிராக்டர்ல மண்ணு அடிச்சே வயசானவன்மா நான். மோந்து பார்த்தே சொல்லுவேன்."

ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தார். கண்ணை மூடினார். "கெட்டி மண்ணு. நாலடி போதும்."

நாலடியில் தேங்காய் மட்டை வந்தது. ஐந்தடியில் சைக்கிள் டயர். ஆறடியில் ஒரு வெஸ்டர்ன் கக்கூஸ், ஓரம் உடைந்திருந்தாலும் யாருக்கோ காத்திருப்பதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

"குட்டையா இருந்த இடம் சார். குப்பையைக் கொட்டித் தூர்த்திருக்காங்க," என்றாங்க மேடம். "கெட்டி மண்ணு வர்ற வரைக்கும் தோண்டணும். இல்லன்னா நாலே வருஷத்துல சுவரெல்லாம் பிளந்துடும்."

அன்றிலிருந்து மூன்று நாளாக இராமதாஸுக்கு ஒரே வேலை. பள்ளத்திலிருந்து ஒவ்வொரு சாமான் மேலே வரும்போதும் ஒரு சாபம்.

"இந்தக் குட்டையைத் தூர்த்தவன் விளங்குவானா? அவன் வீடு கட்டுனா சுவர் சுவரா வெடிக்கணும்! அவன் குந்துனா கக்கூஸே உடையணும்!"

பக்கத்து வீட்டு ஹிதாயத்துல்லா பாய் இதைக் கேட்கவே நாற்காலி போட்டுக்கொண்டார். அவர் வீடும் அதே குட்டையின் கரைமேல்தான். கூடத்துச் சுவரில் பல்லி குடும்பம் நடத்துகிற அளவுக்கு விரிசல்.

"நல்லாத் திட்டுப்பா. பத்து வருஷமா நானும் அந்த ஆளைத்தான் தேடுறேன்," என்று டீ வாங்கிக் கொடுத்தார்.

அந்தப் பாயைத்தான் இப்போது இராமதாஸ் பஞ்சாயத்துக்கு இழுத்தார். "நீங்களே கேளுங்க பாய்!"

"சாமிக்கண்ணு, காட்டிடுப்பா. திருட்டுப் பட்டம் கட்டிடுவாங்க. அப்புறம் யாரு உன்னை வேலைக்குக் கூப்பிடுவா?"

சாமிக்கண்ணு துண்டை இன்னும் இறுக்கிப் பிடித்தான். இந்த வேலையை விட்டால் அவனுக்கு வேறு வேலை தெரியாது.

"கூப்பிடாட்டிப் போறாங்க பாய். அண்ணே, சொன்னாக் கேளுங்க. இதை இங்கயே போட்டு மேல கான்கிரீட்டை ஊத்திடலாம். வீட்டுக்கு நல்லது."

"பாத்தீங்களா! புதையலைத் திரும்பப் புதைக்கச் சொல்றான். நான் அந்தப் பக்கம் போனதும் எடுத்துக்குவான்!"

"இல்லண்ணே, ஜனம் கலையட்டும். உங்களுக்கு மட்டும் காட்டுறேன்."

"அடப்பாவி, பங்கு பேசுறான்யா!"

இராமதாஸ் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஏணியில் காலை வைத்தார். வைத்த கால் சேற்றில் வழுக்கியது. தூக்கி வெளியே போட ஆளில்லாமல் ஓரமாக விட்டிருந்த அந்தக் கக்கூஸிலேயே போய்ச் சரியாக உட்கார்ந்தார்.

படக்கென்று அது இரண்டாக உடைந்தது.

"மூணு நாள் சாபம் யாருக்குப் போகுதுன்னு பாரேன்," என்று யாரோ சிரித்தார்கள்.

இராமதாஸ் எதையும் காதில் வாங்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே துண்டைப் பிடுங்கிப் பிரித்தார். பார்த்தார்.

"அந்தக் குட்டையா இது..." என்றார், தனக்குள்.

"என்னப்பா, தங்கமா?" என்றார் பாய்.

இராமதாஸ் அவசரமாகத் துண்டைச் சுற்றினார். சாமிக்கண்ணு சுற்றியதைவிட இரண்டு சுற்று கூடுதல்.

"தகரம்தான் பாய். வெறும் தகரம்."

"தகரத்தை எதுக்கு இவ்ளோ சுத்துற?"

"அட, போய் அவங்கவங்க வேலையைப் பாருங்கய்யா! சாமிக்கண்ணு திருடன் இல்ல. தங்கமான ஆளு. அவனை யாராவது ஒரு வார்த்தை சொன்னீங்க..."

துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏணியில் ஏறினார். மேலே நாலு வளையல் காத்துக்கொண்டிருந்தது.

"குடுங்க இப்படி!" சின்னப்பொண்ணு ஒரே இழுப்பில் துண்டைப் பறித்துவிட்டாள். பிரித்தாள். டிரெய்லருக்குப் பின்னால் மாட்டுகிற தகரப் பலகை. சேற்றைத் துடைத்தாள். மஞ்சள் பெயின்டில் எழுத்துகள்.

"கண்ணாடி எடுத்துட்டு வரல. என்னான்னு படிங்க பாய்."

பள்ளத்துக்குள் சாமிக்கண்ணு இறுகக் கண்ணை மூடிக்கொண்டான்.

ஹிதாயத்துல்லா பாய் பலகையைத் தூரப் பிடித்து, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி படித்தார்:

"எப்பேர்ப்பட்ட குட்டையும் சுத்தமான செம்மண் போட்டு நாணயமாகத் தூர்த்துத் தரப்படும். இராமதாஸ் டிராக்டர், ரெட்டியார்பாளையம்."