டப்பா கேட்ட விசேஷம்

தணிகாசலத்துக்கு விந்தணு பெருக அம்மா வாங்கித் தந்த லேகிய டப்பா, தினமும் காலையில் ஒரு கேள்வி கேட்கும். பதில் சொன்னால்தான் மூடி திறக்கும்.

“வீட்டுல விசேஷம் ஏதாச்சும் உண்டுங்களா?”

நாலு வருஷமாக “இல்லை” என்று சொல்லிச் சொல்லி, லேகியத்தைவிட அந்தச் சொல்தான் அவனுக்குக் கசந்தது.

அன்று தங்கை வீட்டில் கிரகப்பிரவேசம். நேரமாகிவிட்ட எரிச்சலில், “ஆமா, விசேஷந்தான். சீக்கிரம் தொற” என்றான்.

“வாழ்த்துகளுங்க. இனி உங்களுக்கு மருந்து வேண்டாம். சொந்தக்காரங்க எல்லாருக்கும் சொல்லியாச்சு” என்று சொல்லி டப்பா பூட்டிக்கொண்டது.

உடனே போன் அடித்தது. முந்தின நாளே தங்கை வீட்டுக்குப் போயிருந்த அம்மா அழுதுகொண்டிருந்தாள்.

“கண்ணு, மங்கையக் குனிஞ்சு நிமிர விடாத. பூஜையெல்லாம் இவங்க பாத்துக்குவாங்க, நான் கெளம்பி வந்துட்டிருக்கேன்.”

அவன் வாய் திறப்பதற்குள் வைத்துவிட்டாள். திரும்பத் திரும்ப அழைத்தான், எடுக்கவில்லை. கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தான்.

“அம்மாகிட்ட நான் எப்படிச் சொல்லுவேன், மங்கை?”

பட்டுப்புடவைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்த மனைவி, அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“அத்தை வந்து சேர ஒரு மணி நேரமாவது ஆகும். அதுவரைக்கும் யாரும் நம்மள விசேஷம் உண்டான்னு கேக்கமாட்டாங்க. நீங்களும் கொஞ்சம் உக்காருங்க.”