கரடிக்கு ஒரு தகவல்

"அம்மா, இனிமே நீ தமிழ்லயே அடி. கரடிக்கு அவர் பாஷையில போயிடும்" என்றாள் மகள்.

கரடி என்ற பெயரில், என் கணவரோடு மூன்று வருடமாகப் போனில் துப்பாக்கி விளையாட்டு ஆடிய வெளிநாட்டுக்காரர் அவர். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்கூடத் தெரியாது. கைதட்டும் பொம்மைகளை அனுப்பிக்கொண்டே ஜெயித்தார்கள். அந்த விளையாட்டின் அரட்டைக்கு மொழிபெயர்ப்பு வசதி போன வாரம்தான் வந்தது.

திரையில் கரடியின் கேள்வி தமிழில் நின்றது: "கூட்டாளி, எங்கே போனாய்? இரண்டு வாரமாகக் காணோம்."

"நான் அவர் மனைவி. அவர் தவறிட்டார்" என்று அடித்தேன்.

"குறி தவறினால் என்ன? எனக்கும்தான் தவறும்."

"என்னடி இது, இந்த ஆள் என்னமோ சொல்றார்?"

"அந்த மெஷினுக்குப் புரியலைம்மா. பட்டுனு சொல்லிடு."

துக்கம் கேட்க வந்தவர்களிடம்கூட நான் சொல்லாத சொல் அது. அடித்தேன்: "செத்துட்டார்."

சிரிக்கும் பொம்மையோடு உடனே பதில் வந்தது: "அவ்வளவுதானா! ஆட்டத்தில் பத்து நொடியில் உயிர் வந்துவிடுமே. வரச் சொல்லுங்கள், காத்திருக்கிறேன்."

மகள் போனுக்குக் கை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை.

பத்து வரை எண்ணிப் பார்த்தேன்.